வாடகைக்கு வீடு – கொடைக்கானல் கதை

கொடைக்கானலில் மாத வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குப் பழக்கமான பதில் ஒன்று உண்டு: "சீசனுக்குத்தாங்க விடுறோம்." இந்தப் பதிலின் வயது 150 ஆண்டுகளுக்கும் மேல்!

பழனி மலையில் பளியர்களும் பூம்பாறை போன்ற ஊர்களின் விவசாயிகளும் முன்பே வாழ்ந்தார்கள். ஆனால் கொடைக்கானல் நகரம் உருவானது வந்து போகிறவர்களுக்காக. 1845-ல் மதுரையின் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பிக்க இங்கே இரண்டு பங்களாக்கள் கட்டினார்கள். 1863-ல் லெவிஞ்ச் ஏரியை அமைத்தார். துரைமார்களின் பங்களாக்கள் பெருகின. மோட்டார் சாலை வரும்வரை அவர்களை டோலியில் சுமந்து ஏற்றியவர்கள் எங்கே தங்குவது என்று யார் யோசித்தார்கள்?

பிறகு சட்டங்கள் வந்தன. 1960-ன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகை பற்றிப் பேசியது. அதற்குப் பதிலாக 2019-ல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. ஆனால் கூடவே ஒரு விலக்கு: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்து கொண்டால் அந்த வரம்பு பொருந்தாது.

வீடே கிடைக்காத ஊரில், "அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று எந்தக் குடித்தனக்காரர் சொல்வார்?