மூன்றாவது வன்தட்டு

என் மூன்றாவது வன்தட்டும் போன மாதம் செத்துவிட்டது. சாவதற்கு முன்னால் 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். முதல் தட்டு போனபோது அது என்னவென்று தெரியாது. இப்போது தெரியும். எழுதும் முனை தன் தடத்தைத் தேடிப் போய், கிடைக்காமல் திரும்பி, மறுபடியும் தேடப் போகிற சத்தம்.

"உனக்கு ராசியில்லடா" என்றான் நண்பன். நான் கரண்டைத் திட்டினேன், வெயிலைத் திட்டினேன், விற்ற கடைக்காரரைத் திட்டினேன். திட்டி முடித்த பிறகுதான் இந்தப் பொருளின் கதையைத் தேடிப் படித்தேன்.

முதல் வன்தட்டு 1956-இல் வந்தது. ஐபிஎம் நிறுவனத்தின் ராமாக் கணினிக்காக, கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ரேனால்ட் ஜான்சன் தலைமையிலான குழு செய்தது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதில் அடங்குவது சந்தேகம். தட்டு சுழலும்போது முனை அதில் உரசினால் பூச்சு சுரண்டப்பட்டுவிடும். அதனால் நடுவில் காற்றை ஊதி முனையை மிதக்கவிட்டார்கள். பின்னாளில் தட்டின் சுழற்சியில் எழும் காற்றே முனையைத் தூக்கிப் பிடித்தது. 1973-இல் வந்த 'வின்செஸ்டர்' வகையில் தட்டையும் முனையையும் ஒரே பெட்டிக்குள் வைத்து மூடினார்கள். நம் மேசைக்கு வந்தது அந்த வம்சம். இப்போது முனைக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடி அதைவிடப் பல்லாயிரம் மடங்கு தடிமன்.

இதைச் சித்தியிடம் சொன்னேன். சிரித்தார். தோட்டத்திலிருந்து பினாங்குக்குப் போய், 90களில் ஒரு வன்தட்டுக் கம்பெனியில் மைக்ரோஸ்கோப் முன்னால் 12 மணி நேர ஷிப்ட் பார்த்தவர் அவர்.

"பவுடர் போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. பொட்டையும் அழிச்சிட்டுத்தான் உள்ள போகணும். கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். பக்கத்துல நிக்கிறது மினாவா சித்தியான்னு நடையப் பாத்துதான் கண்டுபிடிப்போம். எங்கிட்டயா தூசியப் பத்திச் சொல்ற?"

சீகேட் நிறுவனம் 1982-இல் சிங்கப்பூருக்கு வந்தது. மற்ற நிறுவனங்களும் வந்தன. கொஞ்ச காலத்தில் உலகிலேயே அதிகமாக வன்தட்டு செய்யும் இடம் சிங்கப்பூர் என்றானது. கூலி ஏற ஏற, வேலை பினாங்குக்கும் தாய்லாந்துக்கும் நகர்ந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் பெட்டாலிங் ஜெயா ஆலையை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தபோது அதைச் செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோனவன் நான். நம் கதைகளில் பால்மரம் வெட்டிய கைகள் நிறையவே உண்டு. மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே இருந்த கைகளை நான் அவ்வளவாகப் படித்ததில்லை.

சரி, தட்டு ஏன் சாகிறது? 2007 பிப்ரவரியில், அதே சான் ஹோசேயில் நடந்த ஒரு மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் ஏறக்குறைய ஒரு லட்சம் தட்டுகளின் கணக்கைப் பார்த்தார்கள். தயாரிப்பாளர்கள் அச்சிட்டுக் கொடுத்த சராசரி ஆயுள் 10 லட்சம் மணி நேரத்துக்கும் மேல், அதாவது 114 வருடம். அப்படியானால் வருடத்துக்கு 100-க்கு ஒன்றுகூடப் போகக்கூடாது. உண்மையில் 2 முதல் 4 வரை மாற்ற வேண்டியிருந்தது. சில இடங்களில் 13. அதோடு, தட்டுகள் தனித்தனியாகச் சாவதில்லை, அடுத்தடுத்துச் சாகின்றன என்றும் கண்டார்கள். கூகுள் ஆய்வாளர்களோ சூட்டுக்கும் சாவுக்கும் நாம் நினைத்த அளவு தொடர்பில்லை என்றார்கள். செத்தவற்றில் பாதிக்கும் மேலானவை முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லையாம்.

ஆக, வெயில்மேல் போட்ட பழி நிற்கவில்லை. ராசியும் இல்லை. மிஞ்சியது நான்தான். இரண்டாவது தட்டையும் மூன்றாவதையும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாடலாக வாங்கினேன். ஒன்றில் பதிவு, மற்றதில் அதன் நகல். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே பிளக்கில். இரண்டாவது செத்தபோது "அதான் இன்னொண்ணு இருக்கே" என்று மூன்று வாரம் சும்மா இருந்தேன்.

முதல் தட்டோடு போனது கல்லூரிப் படங்கள். வருத்தம் சீக்கிரம் ஆறிவிட்டது. இந்த இரண்டில் இருந்தவை, விற்கப்பட்ட எங்கள் தோட்டத்தின் 11 பெரியவர்களின் குரல்கள். மொத்தம் 19 மணி நேரம். அவர்களில் 7 பேர் இப்போது இல்லை. தகவல் மீட்பவர் பெட்டியைத் திறந்து காட்டினார். தட்டில் வளையமாக ஒரு கீறல். முனை உரசிச் சுரண்டியிருந்தது.

ஒரே ஒரு துண்டு தப்பியது. எப்போதோ நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய 4 நிமிடம். ஜப்பான் காலத்தில் தன் அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குக் கூட்டிப்போனதைப் பாட்டி சொல்கிறார். "லாரில ஏறிட்டு எங்களப் பாத்தாரு..." என்ற இடத்தில் முடிகிறது. அதற்குப் பிறகு அவர் சொன்னது எனக்கு ஓரளவு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவர் வார்த்தைகளில் இல்லை.

அந்த 4 நிமிடத்தை எழுத்தாக்கித் தாளில் எடுத்துவிட்டேன். ஒலிப்பதிவு இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது: என் மேசையில், நண்பனிடம், பட்டர்வொர்த்தில் சித்தி வீட்டில். மூன்றும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வருடம். மீதமிருக்கும் 4 பேரில் இரண்டு பேருக்குப் போன் செய்தேன். ஒருவர் வரச் சொல்லியிருக்கிறார். இன்னொருவருக்கு இப்போது காது கேட்பதில்லை.