காற்றைத் திணித்தவர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கும் என் தம்பி மகன் வீட்டில் ஆறு வாரம் தங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் வாசலில் மூன்று அட்டைப் பெட்டிகள் வந்து இறங்கின. பெரிய பெட்டியை நானும் அவனும் சேர்ந்துதான் கராஜுக்குள் நகர்த்த முடிந்தது.

"சூப்பர்சார்ஜர் கிட் பெரியப்பா. நானே வீட்டுல மாட்டப்போறேன்" என்றான்.

அவனுடையது 2016ஆம் வருடத்து மஸ்டாங் ஜிடி. 5 லிட்டர், எட்டு சிலிண்டர், 435 குதிரைத்திறன். அது போதாதா என்று கேட்டேன். சிரித்தான். அவன் மனைவி சிரிக்கவில்லை. நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, மாதத் தவணை இன்னும் முடியவில்லை, கிட்டின் விலைக்கு நம் ஊரில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம். மாட்டுவதில் தவறு நேர்ந்து என்ஜின் போனால் கம்பெனி வாரண்டி கொடுக்காது. அந்தப் பெண்ணின் கவலை நியாயமானது. அவனுடைய ஆசை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள நான் அந்த ஆறு வாரமும் படித்தேன். படித்ததில் ஒரு பகுதிதான் இது.

பிரெஞ்சில் இதற்கு 'சுராலிமாந்தசியோன்' என்று பெயர். அளவுக்கு மேல் உணவு ஊட்டுதல் என்று பொருள். நோயாளிக்கு வலிந்து ஊட்டுவதற்கும் அதே சொல்தான். ஆங்கிலச் சொல்லைவிட இதில் விஷயம் தெளிவாக இருக்கிறது. என்ஜின் தானாக மூச்சிழுத்தால் ஓரளவு காற்றுதான் உள்ளே போகும். ஒரு விசிறியோ உருளையோ வைத்து அதற்கு மேலும் காற்றைத் திணித்தால், அதோடு கூடுதல் பெட்ரோலையும் எரிக்கலாம், திறன் கூடும். வளிமண்டல அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 14.7 பவுண்டு. அதற்கு மேல் 5 பவுண்டு திணித்தால் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு காற்று அதிகம்.

கணக்கு சுலபம். சிக்கல் பெட்ரோலில் இருக்கிறது. காற்று கூடி பெட்ரோல் கூடாவிட்டால் கலவை மெலிந்து, சூடு ஏறி, பிஸ்டன் உருகும். சைக்கிள் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடுவதுபோல, அமுக்கிய காற்றும் சுடும். சுட்ட கலவை உரிய நேரத்துக்கு முன்பே வெடித்தால் என்ஜின் நாக் அடிக்கும். கேட்பவருக்கு டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கினாற்போல் இருக்கும். உள்ளே பிஸ்டனுக்குச் சம்மட்டி அடி. திணிக்கிற காற்றுக்குத் தக்க பெட்ரோலை எப்படிக் கொடுப்பது என்பதுதான் இந்தக் கருவியின் கதை முழுவதும்.

காற்றை அமுக்கும் உருளைகள் காருக்கு முந்தியவை. அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தின் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதி, இரும்பு உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று அனுப்பியது. இன்றும் பெரும்பாலான சூப்பர்சார்ஜர்களின் பாட்டன் அதுதான். என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கலாம் என்று 1885இலேயே காட்லீப் டைம்லர் காப்புரிமை எடுத்தார். 1902இல் லூயி ரெனோ எடுத்தார். ஓட்டிக் காட்டியவர் லீ சாட்விக் என்ற அமெரிக்கர். 1908இல் பென்சில்வேனியாவில் நடந்த மலையேற்றப் பந்தயம் ஒன்றில், தோல் பெல்ட்டால் சுழலும் விசிறிகள் வைத்த அவருடைய கார் ஜெயித்தது.

கடையில் வாங்கக்கூடிய காரில் இதை முதலில் வைத்தது மெர்சிடீஸ், 1921இல். அந்தக் கார்களின் பெயரே 6/25/40, 10/40/65 என்று இருக்கும். முதல் எண் வரி விதிப்பதற்கான குதிரைத்திறன், இரண்டாவது சாதாரணமாக ஓடும்போது, மூன்றாவது கம்ப்ரசர் சேர்ந்தபோது. ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்தினால்தான் கம்ப்ரசர் இணையும், பெரும் ஊளைச் சத்தத்தோடு. வரிக்கு ஒரு எண், வாழ்க்கைக்கு இரண்டு எண். காலம் முழுக்க அரசாங்கக் கோப்புகளோடு இருந்தவன் என்பதால் அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எல்லோரும் இதை வரவேற்றார்கள் என்றில்லை. பென்ட்லி கார்களை உருவாக்கிய டபிள்யூ.ஓ. பென்ட்லிக்கு இது அறவே பிடிக்காது. திறன் வேண்டுமானால் என்ஜினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. அவர் சொல்லையும் மீறி டிம் பர்க்கின் என்ற பந்தய ஓட்டுநர், டோரதி பேஜெட் என்ற பணக்காரப் பெண்மணியின் பண உதவியோடு 'புளோவர்' பென்ட்லியைச் செய்ய வைத்தார். 1930இல் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் அந்தப் பாரவண்டி இரண்டாவதாக வந்தது. ஆனால் லெ மான் பந்தயத்தை ஒருமுறைகூட வெல்லவில்லை. 1929, 1930 இரண்டு வருடமும் அங்கே வென்றது பென்ட்லி சொன்னபடியே செய்த பெரிய என்ஜின் கார்தான். இந்த வழக்கில் நான் பென்ட்லி பக்கம். தம்பி மகனிடம் சொல்லவில்லை.

சாதாரண மனிதன் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளும் கிட் பரவலாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அன்றைய பெட்ரோலின் தரம் மட்டம். அதனால் கார் கம்பெனிகள் அமுக்க விகிதத்தை 6, 7 என்று தாழ்வாகவே வைத்தன. திணிப்பதற்கு என்ஜினில் இடம் மிச்சமிருந்தது. வீட்டு மெக்கானிக்குகள் அந்த மிச்சத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்க இளைஞர்கள் காயலான் கடைகளில் ஜி.எம். கம்பெனியின் 6-71 டீசல் என்ஜின்களைத் தேடினார்கள். ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றும் 71 கன அங்குலம் என்று அர்த்தம். அது டூ ஸ்ட்ரோக் என்ஜின்; தானாக மூச்சிழுக்கத் தெரியாது, ஆகவே ரூட்ஸ் காற்றூதியோடுதான் வரும். ஊதியை மட்டும் கழற்றித் தங்கள் காரின் தலைமேல் உட்காரவைத்தார்கள். பானெட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே நிற்கும் அந்த இரும்புப் பெட்டியை ஆங்கிலப் படங்களில் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அவ்வளவு முரட்டுத்தனம் வேண்டாம் என்பவர்களுக்கு ராபர்ட் மெக்குல்லக் என்ற தொழிலதிபர் 1953இல் ஒரு கிட் கொண்டுவந்தார். விஎஸ்57 என்று பெயர். நிமிடத்துக்கு 30,000 சுற்றுகளை ஒட்டிச் சுழலும் சின்ன விசிறி; அந்த வேகத்தைக் கொடுக்கப் பல்சக்கரத்துக்குப் பதிலாக எஃகுக் குண்டுகள். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பம் விற்றுப் பெரும்பணம் சேர்த்தவர் அவர். பின்னாளில், 1968இல், லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கிக் கல்லாகப் பிரித்து அரிசோனா பாலைவனத்தில் கொண்டுபோய் நிறுத்தியவரும் அவரேதான். பிரித்து மாட்டுவதில் அந்த மனிதருக்கு இருந்த நம்பிக்கை அப்படி!

நான் மிகவும் ரசித்தது ஜட்ஸன் கிட். பென்சில்வேனியாவில் கான்ஷஹாக்கன் என்ற ஊரில் செய்தது. 1950களின் பிற்பாதியில் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காருக்காக வந்தது. அந்தக் காருக்கு அப்போது 30 சொச்சம் குதிரைத்திறன். மேடு வந்தால் லாரிக்குப் பின்னாலேயே ஊர வேண்டியதுதான். ஜட்ஸனை என்ஜினைப் பிரிக்காமல், சாதாரண ஸ்பேனர்களோடு ஒரு நாளில் மாட்டிவிடலாம். அதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. கார்புரேட்டரைக் கழற்றி சூப்பர்சார்ஜருக்கு முன்னால் வைத்துவிடுவார்கள். உருளை இழுப்பதே காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை. எவ்வளவு காற்று போகிறதோ அதற்குத் தக்க பெட்ரோலும் கூடவே போய்விடும். உராயும் தகடுகளுக்குத் துளித்துளியாக எண்ணெய் விட ஒரு கண்ணாடி ஜாடி. எண்ணெய் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும், கார்க்காரன் ஊற்றிக்கொள்வான்.

மெக்குல்லக் வழி நேர் எதிர். காற்றை அமுக்கிக் கார்புரேட்டருக்குள் ஊதுவது. அப்படிச் செய்தால் கார்புரேட்டரில் உள்ள பெட்ரோலும் அழுத்தத்துக்கு ஆளாகும். பெட்ரோல் பம்ப்பும் அதே அளவு கூடுதல் அழுத்தத்தோடு தள்ளியாக வேண்டும். அதற்கு ஒரு சின்னக் குழாய் இணைப்பு உண்டு. அதை மாட்ட மறந்தவன் என்ஜினை இழந்தான்.

பிரான்சிலும் இந்த ஆசை இருந்தது. புதுச்சேரியில் அலியான்ஸ் பிரான்சேஸ் நூலகத்தில், பள்ளிக்கூட நாட்களில், பழைய மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டுவேன். அதில் பெஷோ 203 காருக்கான 'கோன்ஸ்தாந்தேன்' கம்ப்ரசரைப் பற்றிப் படித்த ஞாபகம் இருக்கிறது. பெஷோவை ஆங்கிலம் படித்தவர்கள் பியூஜோ என்பார்கள். 1290 சிசி, 42 குதிரைத்திறன் கொண்ட குடும்பக் கார். அந்தக் கோன்ஸ்தாந்தேன் தன் கம்ப்ரசர் வைத்த 203ஐ லெ மான் பந்தயத்துக்கே கொண்டுபோய் ஓட்டினார். அப்பா வாங்கிக்கொடுத்த சைக்கிளைத் தவிர வேறு வாகனம் அறியாத நான் அந்தப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! தம்பி மகனின் ஆசை எனக்கு அந்நியம் என்று சொல்ல முடியாது.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்ததும் பழைய வித்தைகள் செல்லாமல் போயின. 1980களின் கடைசியிலும் 90களிலும் மஸ்டாங்குக்கு வந்த கிட்டுகளில் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். காற்றழுத்தம் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் பலமடங்கு ஏற்றும். காரின் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலேயே அதிகம் பெட்ரோல் புகட்டும் தந்திரம். ஓரளவு வேலை செய்தது. இன்று அதுவும் போதாது. தம்பி மகனின் என்ஜினில் அமுக்க விகிதமே 11. பழைய காரில் இருந்த மிச்ச இடம் இதில் இல்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அட்டவணையையே மாற்றி எழுத வேண்டும்.

வேலை நான்கு நாள் நடந்தது. மேலே இருந்த பிளாஸ்டிக் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, அந்த இடத்தில் சூப்பர்சார்ஜரை இறக்கினான். பெரிய இன்ஜெக்டர்கள், நீளமான பெல்ட், சூட்டைத் தணிக்க ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு சிறிய ரேடியேட்டர், அதற்குத் தனிப் பம்ப். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சு வைத்துக் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு முடுக்கினான். கழற்றிய போல்ட்டுகளைக் காகித உறைகளில் போட்டு எங்கிருந்து எடுத்தது என்று எழுதிவைப்பது என் வேலை. கலிபோர்னியாவின் புகை விதிகளுக்கு உட்பட்டது என்று அரசு ஆணை எண் போட்ட ஸ்டிக்கர் ஒன்றும் கிட்டில் இருந்தது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றங்களுக்கு இடம் கொடுக்காது என்று அவனுக்குச் சொன்னேன். "அதனாலதான் பெரியப்பா இங்க இருக்கேன்" என்றான்.

நான்காம் நாள் மாலை ஸ்டார்ட் செய்தான். ஓடியது, ஆனால் நிலையாக நிற்கவில்லை, ஏறியும் இறங்கியும் தடுமாறியது. அவன் முகம் வெளுத்தது. அவன் மனைவி கராஜ் கதவருகே கைகட்டி நின்றாள். பின்பக்கம் எங்கோ 'உஸ்' என்று சத்தம் வருவதுபோல் எனக்குத் தோன்றியது, வீட்டில் கேஸ் டியூப் சரியாக மாட்டாதபோது வருமே, அப்படி. உடனே நிறுத்தி டார்ச் அடித்துப் பார்த்தான். சுண்டுவிரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் மாட்டாமல் தொங்கியது. மாட்டியதும் என்ஜின் அடங்கியது.

அதன் பிறகும் முழு வேகத்தில் ஓட்ட அனுமதி கிடையாது. கம்ப்யூட்டருக்கான அட்டவணையை எழுதுபவர் வேறு மாநிலத்தில் இருக்கிறார். மெதுவாக ஓட்டி, அந்தப் பதிவை மடிக்கணினியில் எடுத்து மின்னஞ்சலில் அனுப்ப, அவர் பார்த்துத் திருத்திய கோப்பை அனுப்ப, மறுபடி ஓட்ட, மறுபடி அனுப்ப என்று மூன்று முறை நடந்தது. அந்தக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அது எனக்கும் தெரியாது பெரியப்பா" என்றான். நான்கு நாள் கையெல்லாம் கிரீஸாக உழைத்தவன் அதைச் சொன்னபோது குரலில் சற்று ஏக்கம் இருந்தது. ஜட்ஸன் ஜாடியில் எண்ணெய் ஊற்றிய பீட்டில்காரனுக்கு அவன் மாட்டியது முழுவதும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கோப்பு வந்த மறுநாள் காலை என்னை ஏற்றிக்கொண்டு ஹைவேக்குப் போனான். 600க்கு மேல் குதிரைத்திறன் என்றான். இரண்டு விநாடி முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. போதும்பா என்றேன். பின்சீட்டில் இருந்த அவன் மனைவி இன்னொரு தடவை போகச் சொன்னாள்.

கழற்றிய மேனிஃபோல்டும் இன்ஜெக்டர்களும் கிட் வந்த அதே அட்டைப் பெட்டியில் கராஜ் பரண்மேல் இருக்கின்றன. காரை விற்கும்போது திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டுமாம். உள்ளே என்னென்ன, எத்தனை போல்ட் என்று பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பட்டியல் என் கையெழுத்தில் இருக்கிறது.