பிசியோபீடியா: இயன்முறை மருத்துவத்தின் கூட்டுக் களஞ்சியம்

பிசியோபீடியா, இயன்முறை மருத்துவம் பயில்வோரும் அத்தொழிலில் இருப்போரும் சேர்ந்து எழுதித் திருத்தி வளர்த்துவரும் இணையக் களஞ்சியம். பிரிட்டனைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ரேச்சல் லோ 2009இல் இதைத் தொடங்கினார். அறக்கட்டளை ஒன்று இதை நடத்துகிறது. கட்டுரைகளைப் படிக்கக் கட்டணம் கிடையாது. விக்கிப்பீடியாவுக்குப் பயன்படும் மீடியாவிக்கி மென்பொருளில்தான் இதுவும் இயங்குகிறது. மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழில் இதற்கு இணையான களஞ்சியம் ஒன்று உருவாகவில்லை. ஆயினும் மாணவரைக் கொண்டு மருத்துவ நூல் எழுதுவித்த மரபும், பலர் கூடிக் களஞ்சியம் படைத்த மரபும் தமிழுக்குப் புதியவை அல்ல. அந்தப் பழைய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் பிசியோபீடியாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்பது தெளிவாகும்.

இயன்முறை மருத்துவம் நெடுங்காலம் கைவழியே கற்பிக்கப்பட்ட தொழில். 1894இல் லண்டனில் நான்கு செவிலியர் தொடங்கிய சங்கமே பிரிட்டனில் இத்தொழிலுக்கு முதல் அமைப்பாக அமைந்தது. இந்தியாவில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிய 1950களின் தொடக்கத்தில், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி உருவானது. 1955இல் இந்திய இயன்முறை மருத்துவர் சங்கம் பிறந்தது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் செயல்படத் தொடங்கியது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் தாமே விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவைச் சிகிச்சை செய்தவர். இந்த வளர்ச்சி முழுவதிலும் பாடநூல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. விலையும் அதிகம். கல்லூரி நூலகத்தில் ஒரே படி இருக்கும். அதற்கு வகுப்பு முழுவதும் காத்திருக்கும்.

1990களில் சிகிச்சைக்குச் சான்று கேட்கும் போக்கு வலுத்தது. ஒரு பயிற்சி பயன் தருகிறது என்றால் எந்த ஆய்வு அதைக் காட்டியது, அந்த ஆய்வு நேர்த்தியாக நடந்ததா என்று கேட்கத் தொடங்கினார்கள். சிட்னியிலிருந்து 1999இல் வெளிவந்த பெட்ரோ தரவுத்தளம் இதற்கு வழி செய்தது. அது இயன்முறை மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி, அவற்றில் சிகிச்சைச் சோதனைகளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறது. அதன் தளத்தின் அறிமுகப் பக்கங்கள் தமிழிலும் உண்டு என்பது நம் மாணவர் பலருக்குத் தெரியாத செய்தி. ஆனால் பெட்ரோ ஆய்வுகளைத் தேடித் தருவதோடு நின்றுவிடும். முழங்கால் தேய்மானத்துக்கு என்ன செய்வது என்று கேட்டால், அது நூற்றுக்கணக்கான ஆய்வுத் தலைப்புகளை அடுக்கும். அவற்றைப் படித்துத் தொகுத்து ஒரே பக்கத்தில் எழுதித் தர ஆள் வேண்டியிருந்தது. அந்த இடத்தைத்தான் பிசியோபீடியா நிரப்பியது.

அதன் பக்கம் ஒன்றைத் திறந்தால், தலைப்புக்குக் கீழே முதலில் எழுதியவர் பெயரும் அதிகம் பங்களித்தவர்களின் பெயர்களும் இருக்கும். பிறகு வரையறை, உடற்கூறு, காரணம், பரிசோதனை முறை, சிகிச்சை, சான்று. அடிக்குறிப்புகள் மூல ஆய்வுகளுக்கு இட்டுச் செல்லும். கல்விசார் எழுத்தில் இந்தப் பக்கத்தை மேற்கோள் காட்டாதீர்கள், மூல ஆய்வையே தேடிப் படித்துக் காட்டுங்கள் என்று தளமே அறிவுறுத்துகிறது. தன்னைக் கடந்து மூலத்துக்குப் போகச் சொல்லும் இந்த நேர்மை மருத்துவ எழுத்துக்கு மிக அவசியம். திருத்தும் உரிமையும் எல்லாருக்கும் திறந்துவிடப்படவில்லை. இத்துறையைச் சேர்ந்தவர் என்று காட்டிக் கணக்குப் பெற்றவர்தான் திருத்தலாம். விக்கிப்பீடியாவின் கட்டற்ற முறையிலிருந்து இது விலகுகிறது. தவறான பயிற்சி நோயாளியை முடக்கிவிடக்கூடிய துறையில் அந்த விலகல் சரியானதே.

களஞ்சியம் வேகமாக வளர்ந்ததற்கு முக்கியக் காரணம் பல்கலைக்கழகங்கள். பிரஸ்ஸல்ஸ், எடின்பரோ முதலிய ஊர்களின் பல்கலைக்கழகங்களில் பக்கம் எழுதுவதே மாணவருக்குப் பாடவேலை ஆனது. ஆசிரியர் திருத்துவார், பக்கம் உலகுக்குப் போகும். தேர்வுத்தாளில் எழுதி மறந்துபோயிருக்கும் உழைப்பு, இன்னொரு நாட்டில் இரவு விழித்துப் படிக்கும் மாணவருக்குக் கிடைத்தது. பன்னாட்டுத் தண்டுவடச் சங்கத்துடன் சேர்ந்து தண்டுவடக் காயத்துக்கான இலவச இணைய வகுப்பையும் பிசியோபீடியா நடத்தியது. குறையும் உண்டு. சில பக்கங்கள் ஆழமானவை. சில, மாணவர் மதிப்பெண் வாங்கியதோடு நின்று போனவை. தொடர்ந்து காக்க ஆளில்லாத பக்கம் சில ஆண்டுகளில் பழைய பாடநூல் ஆகிவிடும்.

மாணவரைக் கொண்டு எழுதுவிக்கும் இந்த முறைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு முன்னோடி இருக்கிறார். 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்புகள் நடந்தன. அப்படிப் படித்தவர்கள் அரசு வேலைக்குப் போய்விட, கிராமங்களுக்கு மருத்துவர் கிடைக்கவில்லை. ஆகவே 1860களில் கிரீன் தமிழுக்கு மாறினார். மாணவர்கள் மொழிபெயர்த்தார்கள், அவர் திருத்தினார், அச்சுக்குப் போனது. 1872இல் வெளிவந்த ‘மனுஷ அங்காதிபாதம்’ இவ்வகையில் உருவான உடற்கூற்று நூல். இன்றைய தமிழ் வாசகருக்கு அதன் வடமொழிக் கலப்பு கடினமாக இருக்கும். ஆனால் வேலை நடந்த முறை, பிரஸ்ஸல்ஸ் வகுப்பறையில் நடந்ததிலிருந்து அதிகம் வேறுபட்டதல்ல.

பிறகு, பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம், அறிஞர் பலரை ஒரே வேலையில் இணைத்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா அந்த வேலையைப் பொதுமக்கள் கைக்கு மாற்றி, 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளை எட்டியது.

இந்த வரிசையில் புதுக்கோட்டைக்குத் தனி இடம் உண்டு. 1991இல், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, இங்கு நடந்த அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் ஊதியமில்லாத் தொண்டர்கள் ஊர் ஊராகப் பாடம் நடத்தினார்கள். கல்குவாரிப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். 2015 அக்டோபர் 11 அன்று, இவ்வூர்க் கணினித் தமிழ்ச் சங்கம் தமிழகம் முழுவதிலிருந்தும் இணையத்தில் எழுதுவோரை இங்கே கூட்டியது.  அறிவைப் பகிர்ந்துகொள்ள ஊதியம் எதிர்பாராமல் வருவோர் இம்மாவட்டத்தில் இருக்கிறார்கள் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

தேவையும் கண்முன்னே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இயன்முறை மருத்துவரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. இம்மாவட்டத்து அன்னவாசலிலோ மணமேல்குடியிலோ பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பெரியவரை அவர் பார்த்துவிட்டுப் போன பிறகு, மீதி நாளெல்லாம் பார்த்துக்கொள்வது மகளோ மருமகளோதான். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்தோ அக்குளில் கைகொடுத்துத் தூக்கியோ எழுப்பினால் தளர்ந்த தோள் மூட்டு விலகிவிடும். படுத்திருக்கையிலும் உட்கார்ந்திருக்கையிலும் அந்தக் கையைத் தலையணையில் தாங்கி வைக்க வேண்டும். இந்த இரண்டு செய்திகள் படத்தோடு தமிழில் செல்பேசியில் கிடைத்தால், எத்தனையோ பேர் தோள்வலியில்லாமல் தேறுவார்கள்.

ஆங்கிலப் பக்கத்தை அப்படியே பெயர்த்தாலும் போதாது. அங்கு மூட்டுவலிக்காரருக்கு நாற்காலியும் மாடிப்படியும்தான் பேச்சு. இங்கு அவர் கேட்பது, சம்மணம் போடலாமா, தரையில் உட்கார்ந்து எழலாமா, கழிப்பறையில் குந்தலாமா என்பது. நாற்று நடும் பெண்ணின் இடுப்பு, கல் உடைப்பவரின் தோள், ஜெகதாப்பட்டினத்தில் வலை இழுப்பவரின் முதுகு ஆகியவற்றைப் பற்றிய பக்கங்களை இங்குள்ளவர்கள்தான் எழுத முடியும். வலி குடைகிறதா, சுண்டி இழுக்கிறதா, மரத்துப்போகிறதா என்று நோயாளி சொல்வதைக் கொண்டு மூட்டா நரம்பா என்று பிரித்தறியும் வழியையும் அவர்களே தொகுக்க முடியும்.

தமிழ்நாட்டில் இயன்முறை மருத்துவ இளநிலைப் படிப்பில் வகுப்புகள் 4 ஆண்டுகள், அதன்மேல் பயிற்சிக் காலம். அந்தக் காலத்துக்குள் ஒவ்வொரு மாணவரும் தமிழில் ஒரே ஒரு பக்கம், மூல ஆய்வுகளின் சான்றோடும் ஆசிரியரின் திருத்தத்தோடும் எழுதட்டும். அடுத்த ஆண்டு வருபவர் அதைப் புதுப்பிக்கட்டும். கல்லூரி ஆசிரியர்கள் இதைப் பாடவேலையாக ஏற்று, மதிப்பெண்ணும் எழுதியவர் பெயரும் தர முன்வர வேண்டும்.