மரம் தின்னாத மான்கள்: வேட்டை விளையாட்டுகளில் நில மேலாண்மை

1997இல் வெளிவந்த ‘டியர் ஹன்டர்’ என்னும் கணினி விளையாட்டு, அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளுக்கு வந்துபோகும் வாடிக்கையாளர்களை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டது. விளையாட்டு விமர்சகர்கள் அதை எள்ளி நகையாடினார்கள். பிரதிகளோ லட்சக்கணக்கில் விற்றன. அதில் நிலம் வெறும் பின்திரை. இடம் தேர்ந்து காத்திருந்து, மான் வந்ததும் சுட வேண்டும், அவ்வளவுதான். கால் நூற்றாண்டு கழித்து, 2022 ஆகஸ்டில், ஸ்லோவாக்கியாவின் நைன் ராக்ஸ் கேம்ஸ் உருவாக்கிய ‘வே ஆஃப் தி ஹன்டர்’ வேட்டைக்காரரிடம் மந்தையை நிர்வகிக்கச் சொன்னது. இந்த மாற்றத்தை முன்னேற்றம் என்று வரவேற்பவர்கள் பலர். பாதி உண்மைதான். ஆனால் அங்கே நிர்வகிக்கப்படுவது நிலம் அன்று, கொம்பு. அந்தக் குறுக்கத்துக்குக் கணினியின் வரம்பைவிட அமெரிக்க மான் வேட்டையின் வரலாறே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் விளையாட்டுக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். நெஸ் பெர்ஸ் பள்ளத்தாக்கு என்னும் கற்பனை நிலப்பரப்பில் ஒவ்வொரு மந்தைக்கும் நீர் குடிக்கவும் மேயவும் படுக்கவும் தனித்தனி இடமும் நேரமும் உண்டு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சுட்டால் விலங்குகள் அந்த இடத்தைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு கலைமானுக்கும் வயதும் உடற்தகுதியும் உண்டு. தொலைநோக்கியில் நான்கு கலைகள் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். கண்ணைப் பறிக்கும் கொம்போடு நிற்கும் இளங்கலையை விட்டுவிட்டு, கோணல் கொம்போடு ஓரமாக நிற்கும் முதிர்ந்த கலையைக் குறிவைக்க வேண்டும். இப்படித் தகுதி குறைந்த ஆண்களைக் கழித்துக்கொண்டே வந்தால் அடுத்த தலைமுறைகளின் கொம்பு சிறக்கும். வேட்டைப் பரிசின் நட்சத்திரங்களும் கூடும். விசையை இழுக்காமல் இருப்பதையும் ஒரு திறனாக்கியது சின்ன விஷயமில்லை.

ஆனால் இதை நில மேலாண்மை என்று சொல்ல முடியுமா? ஆல்டோ லியோபோல்ட் 1933இல் ‘கேம் மேனேஜ்மென்ட்’ என்ற நூலின் வழியே இத்துறைக்கு அடித்தளம் இட்டவர். வேட்டை விலங்குகளை அழித்த கருவிகளைக் கொண்டே அவற்றை மீட்கவும் முடியும் என்றார். அவர் எண்ணிய கருவிகள் ஐந்து: கோடரி, ஏர், மாடு, தீ, துப்பாக்கி. ‘வே ஆஃப் தி ஹன்டர்’ நம் கையில் தருவது ஐந்தாவதை மட்டும். அங்கே மரம் வெட்ட முடியாது. புல்லுக்குத் தீ வைக்க முடியாது. மானுக்கென்று க்ளோவர் விதைத்த தீவன வயலும் கிடையாது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. அந்த மான்கள் எதையும் தின்று தீர்ப்பதில்லை. மேய்கிற அசைவு திரையில் இருக்கிறது. மேய்ந்ததால் ஒரு நாற்றுகூடக் குறைவதில்லை.

நிஜத்தில் இதுதான் பிரச்சினையின் மையம். 1900 வாக்கில் சில லட்சமாகச் சுருங்கிவிட்டிருந்த அமெரிக்க வெண்வால் மான்கள் இன்று ஏறத்தாழ 3 கோடி. அவை மிகுந்த கிழக்கு மாநிலக் காடுகளில் மானின் வாய் எட்டும் உயரம்வரை இலையே இருக்காது, கத்தரித்துவிட்டது மாதிரி ஒரு கோடு மரத்துக்கு மரம் ஓடும். ஆய்வுக்காக அடைத்த வேலிக்குள் ஓக் நாற்றும் ட்ரில்லியம் பூவும் அடர்ந்திருக்க, வேலிக்கு வெளியே பெரணியும் வெறுந்தரையுமாகக் கிடக்கும். மான் காட்டைத் தின்னும் என்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அந்தமானில் கொண்டுபோய் விடப்பட்ட புள்ளிமான்கள், கொன்று தின்னும் பெருவிலங்கு இல்லாத அத்தீவுகளில் செய்துவருவதும் இதுதான். கொன்று தின்னும் விலங்குகளை ஒழித்ததால் மான்கள் பெருகி மேய்ச்சலைத் தின்று தீர்த்தன என்று லியோபோல்ட் எடுத்துக்காட்டிய அரிசோனாவின் கைபாப் பீடபூமிக் கதையின் எண்ணிக்கைகளை 1970இல் சூழலியலாளர் கிரேம் காக்லி கேள்விக்குள்ளாக்கினார். கதை ஆட்டம் கண்டது. மேய்ச்சலின் அழுத்தம் என்னும் உண்மை ஆட்டம் காணவில்லை.

அப்படியானால் கொம்பை மட்டும் பார்க்கும் இந்தக் கண் எங்கிருந்து வந்தது? 1975இல் டெக்சஸில் வனவிலங்கு உயிரியலாளர்கள் ஆல் பிரதர்ஸும் மர்ஃபி ரேயும் எழுதிய நூலிலிருந்து ‘தரமான மான் மேலாண்மை’ என்ற இயக்கம் கிளைத்தது. இளங்கலைகளை வளரவிடு, பிணைமான்களைப் போதிய அளவு சுடு, நிலத்தின் தீவனத்தைச் சீர்செய் என்பவை அதன் கூறுகள். இவை ஒன்றையொன்று தாங்குபவை. பிணைகள் குறைந்தால்தான் எஞ்சியவற்றுக்குத் தீவனம் மிஞ்சும். தீவனம் மிஞ்சினால்தான் கொம்பு வளரும். விளையாட்டு முதல் கூறை மட்டும் பிடுங்கிக்கொண்டு, மற்றவை இருந்த இடத்தில் மரபணுவை வைத்துவிட்டது.

அந்த இடமாற்றம்தான் தவறாகப் போகிறது. கொம்பின் அளவு வயது, உணவு, மரபு மூன்றையும் பொறுத்தது. காட்டு மந்தையில் மூன்றாவதை வேட்டைக்காரர் திருத்துவது அநேகமாக நடவாத காரியம். கொம்பின் மரபில் பாதி பிணையிடமிருந்து வருகிறது. பிணைக்குக் கொம்பே கிடையாது, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? தெற்கு டெக்சஸின் பெரும் பண்ணைகளில் ஆண்டுக்கணக்கில் கடுமையாகக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் கொம்பு மேம்படவில்லை. மான் வேட்டைக்காரர்களின் முகாம்களில் ‘கழிக்க வேண்டிய கலை’ என்ற பேச்சு ஓயாததற்குக் காரணம், பெரும்பாலும் அது சுட விரும்புகிறவருக்குக் கிடைக்கும் சாக்கு என்பதுதான். விளையாட்டு அந்த முகாம் நம்பிக்கையை இயற்கை விதியாக்கி நிரலில் எழுதிவிட்டது.

விளையாட்டென்றால் எளிமைப்படுத்தத்தானே வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் எதை விடுவது என்பது படைப்பாளரின் தேர்வு. அடுத்த நிலத்துக்காரர் விடுபட்டிருக்கிறார். ஒரு கலை சாதாரணமாகப் பல நூறு ஏக்கரில் நடமாடும். ஒருவர் விட்டுவைத்த இளங்கலையை வேலி தாண்டிய பக்கத்துக்காரர் சுட்டுவிடுவார். அண்டை நிலத்தார் கூடிக் கூட்டமைப்பு நடத்தும் வழக்கம் இந்தத் தலைவலியில் பிறந்ததே. விடுபட்ட இன்னொரு உரிமைக் கேள்வி விளையாட்டு நிலத்தின் பெயரிலேயே இருக்கிறது. நெஸ் பெர்ஸ் என்பது ஒரு பழங்குடியின் பெயர்; 1855 உடன்படிக்கையில் தங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலத்துக்கு வெளியே, பிறர் உரிமை கோராத திறந்த நிலங்களிலும் வேட்டையாடும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். நில மேலாண்மை என்பதில் பாதி, யாருக்கு எங்கே சுட உரிமை என்னும் வழக்குதான்.

நோயும் விடுபட்டிருக்கிறது. 1967இல் கொலராடோவின் ஆய்வுக்கூட மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்ட நாட்பட்ட மெலிவு நோய், ப்ரையான் என்னும் பிறழ்ந்த புரதத்தால் வருவது. அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தீவனத்துக்காக மான்கள் ஒரே இடத்தில் கூடினால் பரவும் வாய்ப்பு கூடும். பெண்ணைவிட வளர்ந்த ஆணிடமே தொற்று அதிகம். ஆக, கலையை முதிரவிடுவது என்னும் விளையாட்டின் தலையாய உத்தி, நோயுள்ள நிலத்தில் நோயை வளர்க்கும் உத்தி. 2002இல் விஸ்கான்சினில் நோய் தெரியவந்து, மந்தையைப் பெருமளவு குறைக்க அரசு முனைந்தபோது, எதிர்த்தவர்களில் வேட்டைக்காரர்களே கணிசம். மண்ணின் தொற்றையும் நாற்றின் இழப்பையும் இரண்டு மாறிகளாக நிரலில் சேர்த்தால் போதும்: ஆடுபவர் பொத்திப் பொத்தி வளர்த்த ஐந்து நட்சத்திரக் கலையே அந்த நிலம் முதலில் இழக்க வேண்டிய விலங்காகிவிடும், நட்சத்திரக் கணக்கை வேறு அடிப்படையில் எழுத வேண்டியிருக்கும்.