சதுரங்கத் திறப்பு நூல்கள்

சதுரங்கத் திறப்பு நூல்கள் என்பன சதுரங்க ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை ஆராய்ந்து விளக்கும் நூல்கள் ஆகும். இவற்றைக் கலைக்களஞ்சிய நூல்கள், கருத்து விளக்க நூல்கள், ஆட்டத்திட்ட நூல்கள் என மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆட்டத்திறனை வளர்த்துக்கொள்ள முயலும் ஆட்டக்காரர்களுக்குப் பொதுவாக இரண்டாம் வகை நூல்களே முதலில் பரிந்துரைக்கப்படுகின்றன.

வரலாறு

இன்று கிடைக்கும் அச்சிடப்பட்ட சதுரங்க நூல்களுள் மிகப் பழையது, எசுப்பானியரான லூசெனா 1497 இல் சலமன்கா நகரில் வெளியிட்ட நூலாகும். அதிலேயே திறப்புகள் இடம்பெற்றுள்ளன. எசுப்பானியப் பாதிரியாரான ரூய் லோப்பசின் நூல் 1561 இல் வெளிவந்தது. அவர் ஆராய்ந்த திறப்பு இன்றும் அவரது பெயராலேயே வழங்குகிறது. செருமானியரான பில்குவர் தொடங்கிய கையேட்டை, 1840 இல் அவர் இறந்தபின் அவருடைய நண்பர் ஃபொன் டெர் லாசா நிறைவுசெய்து 1843 இல் வெளியிட்டார். பல பதிப்புகளைக் கண்ட இந்நூல், நெடுங்காலம் திறப்புகளுக்கான முதன்மை நூலாக விளங்கியது.

கலைக்களஞ்சிய நூல்கள்

இவை எல்லாத் திறப்புகளையும் அட்டவணைகளாகத் தொகுத்துத் தருகின்றன. கிரிஃபித், வைட் ஆகியோர் எழுதிய 'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' 1911 இல் பிரித்தானியாவில் வெளியானது. நிக் டி ஃபர்மியன் திருத்திய இதன் 15 ஆம் பதிப்பு 2008 இல் வந்தது. பெல்கிரேடில் 1974 முதல் வெளிவந்த 'சதுரங்கத் திறப்புகளின் கலைக்களஞ்சியம்' ஐந்து தொகுதிகளைக் கொண்டது. அதில் திறப்புகள் ஏ முதல் ஈ வரையான ஐந்து எழுத்துகளின் கீழ் 500 குறியீடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. எம்மொழியினரும் பயன்படுத்தும் பொருட்டு, விளக்கங்கள் சொற்களுக்குப் பதிலாகக் குறிகளால் தரப்பட்டுள்ளன.

இந்நூல்களில் ஒரு நகர்வு வரிசை பெரும்பாலும் 'வெள்ளைக்குச் சற்று மேலான நிலை' என்பது போன்ற குறியோடு முடிந்துவிடும். அந்நிலை ஏன் மேலானது, அதன்பின் என்ன செய்யவேண்டும் என்பது கூறப்படுவதில்லை. எதிராளி நூலில் இல்லாத நகர்வை ஆடினால், மனனம் செய்தவர் வழியறியாது நிற்க நேரிடும்.

கருத்து விளக்க நூல்கள்

'மாடர்ன் செஸ் ஓப்பனிங்ஸ்' நூலின் ஆறாம் பதிப்பை 1939 இல் திருத்திய அமெரிக்கரான ரூபன் ஃபைன், மேற்கண்ட குறையை நீக்கும் நோக்குடன் 1943 இல் 'தி ஐடியாஸ் பிகைண்ட் தி செஸ் ஓப்பனிங்ஸ்' என்னும் நூலை எழுதினார். ஒவ்வொரு திறப்பிலும் இரு தரப்பினரின் நோக்கங்களை இது விளக்குகிறது. எனினும், அதன் பின்னரே பெரிதும் வளர்ச்சியுற்ற அரச இந்தியத் தடுப்பாட்டம், சிசிலியன் நைடார்ஃப் போன்றவற்றுக்கு இது போதுமானதன்று.

இவ்வகையின் பிற்கால நூல்களுள், ஜான் வாட்சன் 2006 முதல் நான்கு தொகுதிகளாக எழுதிய 'மாஸ்டரிங் தி செஸ் ஓப்பனிங்ஸ்' குறிப்பிடத்தக்கது. நெதர்லாந்து கிராண்ட்மாஸ்டர் பவுல் ஃபான் டெர் ஸ்டெரனின் 'ஃபண்டமெண்டல் செஸ் ஓப்பனிங்ஸ்' (2009) எல்லாத் திறப்புகளையும் ஒரே நூலில் அறிமுகப்படுத்துகிறது.

கருத்து விளக்கத்தின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். இராணியின் பலியாட்டத்தின் பரிமாற்ற வகையில், வெள்ளை தன் இராணிப் பக்கத்துச் சிப்பாய்களை முன்னேற்றி, அங்கு எண்ணிக்கையில் மிகுந்துள்ள கறுப்புச் சிப்பாய்களைத் தாக்கும். எண்ணிக்கையில் குறைந்த சிப்பாய்கள் ஏன் தாக்குகின்றன எனில், பரிமாற்றத்தின்பின் கறுப்பிடம் காத்தற்கரிய ஒரு சிப்பாய் எஞ்சும் என்பதே காரணம். இது சிறுபான்மைத் தாக்குதல் எனப்படும். இதனை அறிந்தவர் நகர்வு வரிசையை மறந்தாலும் திட்டத்தை மறப்பதில்லை.

ஆட்டத்திட்ட நூல்கள்

இவை ஒரு நிறத்துக்கான முழுமையான திறப்புத் தொகுதியைப் பரிந்துரைப்பவை. முன்னாள் பிடே உலக வாகையாளர் அலெக்சாண்டர் கலீஃப்மன், விசுவநாதன் ஆனந்தின் ஆட்டங்களை அடிப்படையாகக் கொண்டு வெள்ளைக்கான தொடர் ஒன்றை 14 தொகுதிகளில் எழுதினார். போரிஸ் அவ்ருக்கின் 'கிராண்ட்மாஸ்டர் ரெப்பர்ட்வார்' (2008) இவ்வகையைச் சேர்ந்த மற்றொரு நூலாகும். இவை ஆழமானவை, எனினும் போட்டி அனுபவம் குறைந்தவர்களுக்குச் சுமையாகலாம்.

பயன்படுத்தும் முறை

* வெள்ளைக்கு ஒரு திறப்பும், கறுப்புக்கு எதிராளியின் முதன்மையான இரு தொடக்க நகர்வுகளுக்கு ஒவ்வொன்றும் போதுமானவை.
* நகர்வு வரிசைகளோடு, அத்திறப்பில் ஆடப்பட்ட முழு ஆட்டங்களையும் ஆடிப் பார்த்தல் வேண்டும்.
* ஒவ்வொரு போட்டிக்குப் பின்னும், தமது ஆட்டம் நூலிலிருந்து எங்கு விலகியது என ஒப்பிடுதல் நன்று.
* பழைய நூல்களின் மதிப்பீடுகள் சிலவற்றைக் கணினி ஆய்வு தவறென நிறுவியுள்ளது. ஆகவே அவற்றைச் சரிபார்த்தே பின்பற்றுதல் வேண்டும்.
* திறப்புப் பயிற்சி, உத்திகளுக்கும் இறுதியாட்டத்துக்கும் உரிய நேரத்தைக் குறைத்துவிடலாகாது. இறுதியாட்டத்தை முதலில் பயில்வதை உலக வாகையாளர் கபபிளாங்கா வலியுறுத்தினார்.

இவற்றையும் பார்க்க

* சதுரங்கத் திறப்பு
* ரூய் லோப்பஸ்
* சிசிலியன் தடுப்பாட்டம்