"யோசிச்சுச் சொல்லுங்கோ": சுன்னத்தும் முடிவெடுக்கும் உரிமையும்

எங்கட கூட்டத்தில ஒருத்தனுக்கு இருபத்திரண்டு வயசு. வீடு பளையில, தென்னங்காணிகளுக்கு நடுவில. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு ஒரு கிழமையா ஆரோடையும் வடிவாக் கதைக்கேல்ல. பிறகு ஒருநாள் பின்னேரம் ஸ்ரேசனடியில இருக்கேக்க தானாவே சொன்னான். முன்தோல் பின்னால போகுதில்லை, அடிக்கடி புண் வருது, தோலை வெட்டி எடுக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவராம். "அவசரமில்லைத் தம்பி, யோசிச்சுச் சொல்லுங்கோ" எண்டும் சொல்லி அனுப்பினவராம்.

அவனுக்குப் பயம் கத்தியில இல்லை. "அது சுன்னத்துத்தானே மச்சான். பெடியள் அறிஞ்சா..." எண்டு இழுத்தான். வசனத்தை முடிக்கேல்ல. முடிக்கத் தேவையுமில்லை. பெடியள் என்ன சொல்லுவாங்கள் எண்டு எங்களுக்குத் தெரியும். அந்தப் பகிடிகளை நாங்களும் பள்ளிக்கூடத்தில விட்டிருக்கிறம்.

அவன்ர சம்மதத்தோடதான் இதை எழுதுறம், பேர் போடாமல். அவனுக்காகத் தேடி வாசிக்கத் தொடங்கினது பிறகு எங்கட தேடலாயிட்டுது. நாங்கள் தேடினது ஒரேயொரு கேள்விக்கு விடை: வெட்டுறதா விடுறதா எண்டு வரலாற்றில ஆர் முடிவெடுத்தது?

முதல்ல சொல். 'சுன்னத்து' அரபிலிருந்து வந்தது, நபிவழி என்று பொருள். கிறிஸ்தவர்கள் வேதாகமத்தில் வாசிக்கும் சொல் 'விருத்தசேதனம்': விருத்தம் வட்டம், சேதனம் வெட்டுதல். பழக்கமோ இந்த மதங்களைவிடப் பழையது. எகிப்தில் சக்காராவில் அங்க்மாஹோர் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஏறக்குறைய 4,300 வருசத்துக்கு முந்திய ஒரு செதுக்கல் இருக்கிறது. நிற்கிற இளைஞனின் முன்னால் ஒருவர் குந்தியிருந்து வேலை செய்கிறார், பின்னால் இன்னொருவர் அவனுடைய கைகளைப் பிடித்திருக்கிறார். அது விருத்தசேதனம்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எங்களுக்குக் கண்ணில் பட்டது அந்தக் கைகள். பிடிக்க ஆள் தேவைப்பட்டிருக்கு.

ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தில் ஒரே குடும்பத்துக் கணக்கு வருகிறது. ஆபிரகாமுக்கு அப்போது 99 வயது. மகன் இஸ்மவேலுக்கு 13. பிறகு பிறந்த ஈசாக்குக்கு எட்டாம் நாள், அது 21ஆம் அதிகாரத்தில். மூன்று பேரில் தானாக ஒப்புக்கொண்டவர் என்று சொல்லக்கூடியவர் 99 வயதுக் கிழவர் மட்டும். யூதர்கள் ஈசாக்கின் வழியில் எட்டாம் நாளை வைத்துக்கொண்டார்கள். குர்ஆனில் இந்தச் சடங்கு பற்றி வெளிப்படையாக ஒன்றுமில்லை, ஹதீஸ்களில்தான் வருகிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபு அதைக் கட்டாயம் என்கிறது. ஹனபி, மாலிகி மத்ஹபுகள் வலியுறுத்தப்பட்ட சுன்னத்து என்கின்றன.

வளர்ந்த மனிசர் இருந்து யோசிக்க வேண்டி வந்த பெரிய சந்தர்ப்பம் ஆதிக் கிறிஸ்தவம். யூதரல்லாதவர்கள் இயேசுவை ஏற்றால் முதலில் விருத்தசேதனம் செய்யவேணுமா என்று ஏறக்குறைய கி.பி. 50இல் எருசலேமில் கூடி வாதாடினார்கள். அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தின் பெரும்பகுதி அந்தக் கதைதான். தேவையில்லை என்று முடிவு வந்தது. அதே பவுல் அடுத்த அதிகாரத்தில் தீமோத்தேயுவுக்குச் செய்விக்கிறார், காரணம் அந்தப் பகுதி யூதர்கள் என்ன சொல்வார்கள் என்பது. தீத்துவுக்கு மட்டும், வற்புறுத்தல் வந்தும், செய்யவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். ஊர் என்ன சொல்லும் எண்ட கேள்வி எங்கட பெடியனுக்கு மட்டும் வந்ததில்லை.

அதுக்கும் முன்னம் அரசுகள் இந்தத் தோலுக்குள்ள தலையை விட்டிட்டுது. கி.மு. 167 அளவில் அந்தியோக்கஸ் மன்னன் யூதருக்கு விருத்தசேதனத்தைத் தடைசெய்தான். பிள்ளைகளுக்குச் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டதாக மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. அதே நூலில், கிரேக்கர் மாதிரி இருக்க விரும்பி வெட்டின அடையாளத்தை மறைத்த யூத இளைஞர்களும் வருகிறார்கள். ஒரு பக்கம் உயிரைக் கொடுத்து வெட்டினவர்கள், மற்றப் பக்கம் வெட்டினதை ஒளிச்சவர்கள்.

எங்கட பக்கத்திலயும் ஒரு கதை இருக்கு. 1782இல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன், கடலில் பிடித்த ஆங்கிலேயரைக் கடலூரில் வைத்து ஹைதர் அலியிடம் ஒப்படைத்தார். அவர்களில் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்ற பதின்ம வயதுக் கப்பற்பையனும் ஒருவன். சீரங்கப்பட்டணத்துக்குக் கொண்டுபோய் அவனுக்கும் வேறு பலருக்கும் பலவந்தமாகச் சுன்னத்து செய்து, படையில் சேர்த்தார்கள். ஏறக்குறைய பத்து வருசம் கழித்துத் தப்பிப் போனான். அவனுடைய நினைவுக்குறிப்பு 1824இல் அச்சானது. இப்படியான கதைகளைச் சொல்லிச் சொல்லியே ஆங்கிலேயர் மைசூர் மேல் வெறுப்பை வளர்த்தார்கள். ஒரு பெடியனின் உடம்பை வெட்டினவர்களுக்கும் அது தேவைப்பட்டது, அதைக் காட்டி யுத்தம் செய்தவர்களுக்கும் அது தேவைப்பட்டது. அவனை ஒருத்தரும் கேட்கவில்லை.

1947 பிரிவினையின்போது பஞ்சாபில் ஆண்களின் உடுப்பை அவிழ்த்துப் பார்த்துக் கொன்றார்கள். வெட்டியிருந்தால் ஒரு பக்கம் சாவு, வெட்டாமல் இருந்தால் மற்றப் பக்கம் சாவு. நாசி ஜேர்மனி பிடித்துவைத்திருந்த நாடுகளில் ஒளிந்திருந்த யூத ஆண்களையும் இதே சோதனை காட்டிக்கொடுத்தது. வன்னியில வளர்ந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பளையிலிருந்து கொஞ்சத் தூரம் போனால் முகமாலை. 2002இல் ஏ-9 திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை அங்க வரிசையில நிண்டு அடையாள அட்டை காட்டின தலைமுறையின்ர பிள்ளைகள் நாங்கள். அட்டையை வீட்டில மறந்து வைக்கலாம், உடம்பை வைக்கேலாது.

சுன்னத்து எண்ட சொல் எங்களுக்கு ஏன் பகிடியா மட்டும் தெரியும்? இதுக்கு விடை 1990இல இருக்கு. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு எண்டு வடக்கு முழுக்க ஏறக்குறைய 75,000 பேர் வீட்டையும் காணியையும் விட்டுப் போனார்கள். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதியானார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கம் மன்னிப்புக் கேட்டார். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான். அதுக்குப் பிறகு பிறந்த எங்கள்ல கனபேர் பக்கத்து வீட்டில ஒரு முஸ்லிம் குடும்பத்தைக் காணாமல் வளர்ந்தம். ஆக்கள் போச்சினம், அவையைப் பற்றின பகிடி மட்டும் ஊரில நிண்டிட்டுது.

கம்பஸில எங்களோட படிச்ச ஒருத்தனுக்கு ஃபோன் எடுத்தம். அவன்ர குடும்பம் 1990இல யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் போனது. இப்பிடி ஒரு கேள்வி கேக்கலாமா எண்டு தயங்கித் தயங்கிக் கேட்டம். சிரிச்சான். வாப்பாவின்ர காலத்தில ஒஸ்தா மாமாதான் வீட்டுக்கு வந்து செய்வாராம். பிள்ளைக்கு மாப்பிள்ளை மாதிரி உடுப்பாட்டி, சொந்தக்காரர் காசு கொடுத்து, சுன்னத்துக் கலியாணம் எண்டு சாப்பாடெல்லாம் நடக்குமாம். இவனுக்கு டொக்டர் செய்தது, ஏழு வயசில. "சைக்கிள் வாங்கித் தாறம் எண்டிச்சினம். வலிச்சது ரெண்டு மூண்டு நாள். எனக்கு அதில குறையில்ல, என்ர மகனுக்கும் செய்வன்" எண்டான். பிறகு கொஞ்சம் பேசாமல் இருந்திட்டு, "ஆனா என்னட்ட ஆரும் கேக்கேல்ல. உங்கட ஆளிட்ட கேட்டிருக்கினம். அவன் யோசிக்கட்டும்" எண்டான்.

ஆண்பிள்ளைகளின் கதையோடு நிறுத்தினால் அநியாயம். இலங்கையில் முஸ்லிம் பெண்குழந்தைகள் சிலருக்கும் வெட்டுச் சடங்கு நடக்கிறது, ஒஸ்தா மாமிமார் இருக்கிறார்கள். அதில் உடலுக்கு எந்த மருத்துவ நன்மையும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அனுபவித்த பெண்களே வெளியில் வந்து பேசின பிறகு, 2018இல் சுகாதார அமைச்சு மருத்துவத்துறையினர் அதைச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. அங்கேயும் கேட்கப்படாத ஆள் அந்தப் பிள்ளைதான்.

இனி மருத்துவம். மதம்தான் கேளாமல் வெட்டினது எண்டு நினைச்சிருந்தம், பிழை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய, அமெரிக்க டொக்டர்மார் பக்கவாதம் தொடக்கம் சுயஇன்பம் வரை எல்லாத்துக்கும் முன்தோலைக் காரணம் காட்டினார்கள். சோள அவல் புகழ் கெலொக் 1888இல் வெளிவந்த தன் நூலின் பதிப்பில், பெடியள் சுயஇன்பம் செய்யாமல் இருக்க மயக்கமருந்து இல்லாமல் வெட்டச் சொன்னார், வலி ஒரு தண்டனையாக இருக்கட்டும் என்று. பிரித்தானியாவில் வசதியான வீடுகளில் இது வழமையாகியது.

அதை அசைத்தது 1949இல் டக்ளஸ் கெய்ட்னர் என்ற பிள்ளைநல மருத்துவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதின ஒரு கட்டுரை. பிறந்த பிள்ளைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு, வளர வளரத் தானாகப் பிரியும் என்று எண்ணிக்கையோடு காட்டினார். இந்தச் சின்னச் சத்திரசிகிச்சையால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வருசத்துக்கு ஏறக்குறைய 16 குழந்தைகள் செத்ததையும் எழுதினார். அதுக்குப் பிறகு அங்கே வழக்கம் மெல்ல மெல்லக் குறைந்தது. அமெரிக்காவில் தொடர்ந்தது. அமெரிக்கப் படை போன தென்கொரியாவில் புதிதாகத் தொடங்கியது.

பிறகு எயிட்ஸ் வந்தது. தென்னாபிரிக்காவில் 2005இலும் கென்யாவிலும் உகண்டாவிலும் 2007இலும் வெளிவந்த ஆய்வுகள், பெண்களிடமிருந்து ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுன்னத்தால் ஏறக்குறைய 60 வீதம் குறைவதாகக் காட்டின. அந்த நோய் மிக அதிகமாக இருந்த கிழக்கு, தென் ஆபிரிக்க நாடுகளுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைத்தது. எங்கட நாட்டு நிலைமை அதில்லை, ஆணுறைக்கு அது பதிலுமில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் ஒரு விசயம் முக்கியம்: வளர்ந்த ஆண்களுக்கு நன்மை தீமை சொல்லி, சம்மதம் வாங்கிச் செய்தார்கள்.

2012இல் ஜேர்மனியின் கேல்ன் நகர நீதிமன்றம், நாலு வயதுப் பிள்ளைக்கு மதத்துக்காக வெட்டுவது உடற்காயம் என்று தீர்ப்பளித்தது. யூதரும் முஸ்லிம்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்த வருசமே டிசம்பரில் பாராளுமன்றம், முறையாகச் செய்தால் பெற்றோர் முடிவெடுக்கலாம் என்று சட்டம் கொண்டுவந்தது. எங்களுக்குள்ள இதைப் பற்றிச் சண்டை. பிள்ளைக்கு உரிமை எண்டு ஒருத்தி. யூதரைக் கொன்ற நாடு இதைச் சொல்லலாமா எண்டு இன்னொருத்தன். முடிவு காணேல்ல.

ஆனா எங்கட பெடியன்ர விசயத்தில இந்தச் சண்டை தேவையில்லை. அவனுக்கு வயசிருக்கு, அவனிட்ட கேட்டிருக்கினம். நாங்கள் அவனுக்குச் சேர்த்துக்கொடுத்த கேள்விகளை இதே சிக்கலில் இருக்கிற வேறு ஆருக்கும் உதவும் எண்டு இஞ்ச எழுதுறம். முதலில் ஸ்ரெரொய்ட் கிறீம் சில கிழமை பூசிப் பார்க்கலாமா? கனபேருக்கு அதிலேயே தோல் இளகிவிடும். வெள்ளைத் தழும்பு விழுந்து இறுகியிருந்தால் வெட்டுறதுதான் பெரும்பாலும் வழி. வளர்ந்த பிறகு புதிதாக இறுகினால், அடிக்கடி புண் வந்தால், சீனி வருத்தம் இருக்கா எண்டு இரத்தம் சோதிக்க வேணும். வெட்டினால் ஆறப் பல கிழமை எடுக்கும். பிள்ளை பெறுகிறதுக்கு அதால ஒரு பாதிப்புமில்லை. பின்னால இழுத்த தோல் திரும்ப முன்னுக்கு வராமல் வீங்கினால் யோசிச்சுக்கொண்டு இருக்கக்கூடாது, உடன ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

இந்தக் கேள்விகளில எங்கயும் 'சோனகர்', 'தமிழர்' எண்ட சொல் இல்லை. அதைக் கவனிச்சுச் சொன்னது அவன்தான்.

போன கிழமை திரும்பவும் கிளினிக்குக்குப் போனான். இரத்தத்தில சீனி இல்லை. கிறீம் தந்திருக்கினம், ரெண்டு மாசம் பார்ப்பம், சரிவரேல்ல எண்டா வெட்டச் சொல்லுவன் எண்டு டொக்டரிட்ட சொல்லிப்போட்டு வந்திருக்கிறான். அம்மாவுக்கும் சொல்லிப்போட்டான். அம்மா கேட்டது ஒண்டே ஒண்டு: "வலிக்குமோ?"

புத்தளத்துக்காரனுக்கும் தானே ஃபோன் எடுத்தவன். என்ன கதைச்சவங்கள் எண்டு எங்களுக்குச் சொல்லேல்ல. நாங்களும் கேக்கேல்ல.