ஹோட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்': கட்டாயம் கொடுக்கணுமா?

சென்னையில் நண்பர்களோடு சாப்பிடப் போறீங்க. மெனு கார்டைப் பார்த்து 800 ரூபாய்க்குள் முடிச்சாச்சுன்னு நிம்மதியா உட்கார்ந்தா, பில் 920-ஐத் தாண்டி வருது. எப்படி?

முதல்ல ஜி.எஸ்.டி. சாதாரண ஹோட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லைன்னாலும் 5 சதவீதம்தான். 800 ரூபாய்க்கு 40 ரூபாய். 'காம்போசிஷன்' திட்டத்தில் இருக்கும் சின்ன மெஸ்கள் அதைக்கூட வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது.

அடுத்தது சர்வீஸ் சார்ஜ். சிக்கலே இதில்தான். இது வரி இல்லை, அரசுக்குப் போகாது, ஹோட்டலுக்கே போகுது. 10 சதவீதம்னா 80 ரூபாய், அதுக்கும் மேல ஜி.எஸ்.டி. வேற. அந்த 80 ரூபாய்க்கு அம்மா உணவகத்தில் 16 சாம்பார் சாதம் வாங்கலாம்!

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஹோட்டல்கள் இதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது. வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. ஹோட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும்னு சொல்லிடுச்சு.

அதனால, பில்லில் இருந்தா நீக்கச் சொல்லுங்க. பக்கத்து டேபிள் பார்க்குதேன்னு கூச்சப்பட வேண்டாம். மறுத்தா பில்லைப் பத்திரமா வெச்சுக்கிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பரிமாறியவருக்கு டிப்ஸ் தரணும்னு தோணினா நேரா அவர் கையில கொடுங்க. அது உங்க விருப்பம்.